வீட்டைக் கட்டிப் பார்த்தவர்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்த இரண்டில் கல்யாணக் காரியம் எதுவும் வீட்டுப் பெண்களைக் கேட்காமல் நடப்பதில்லை. பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவதிலிருந்து பந்திக்கு எத்தனை அப்பளம் பொரிப்பது என்பது வரையில் அவர்கள் சொன்னபடிதான். ஆனால் வீடு கட்டும் விஷயம் வந்துவிட்டால்? எஞ்சினீயர் வருவார்; மேஸ்திரி வருவார்; வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக் கொண்டு நிற்பார். ஆயுசில் பாதியை அடுப்படியிலே கழிக்கப் போகிறவளிடம், "அம்மா, ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம்?" என்று கேட்கிறவர்கள் குறைவு.

ஒரு வீட்டுக்கே இப்படி. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்து விழுந்து, ஊர் ஊராகத் திரும்பக் கட்ட வேண்டி வந்தால் யாரைக் கேட்டுக் கட்டுவது? பழைய இடத்திலேயே கட்டுவதா, புது இடம் பார்த்துப் போவதா? இந்தக் கேள்விகளுக்கு நேராக நின்று பதில் தேடிய சீமை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் தெற்கு ஓரத்தில், மராத்வாடா என்று சொல்லப்படும் வறண்ட பிரதேசத்தில் அது இருக்கிறது. அங்கே லாத்தூர் ஜில்லாவில் உள்ள கில்லாரிக்கும், அதைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கும் போய் வந்தேன். புண்ணிய க்ஷேத்திரம் அல்ல. மலையும் அருவியும் கிடையா. ஆனாலும் நம் வீட்டுப் பெண்மணிகள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டிய ஊர்.

கரிசல் சீமையிலே

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயிலில் ஏறினால் சோலாப்பூரில் இறங்கிவிடலாம். சோலாப்பூர் என்றதும் போர்வை ஞாபகம் வராத குடும்பம் இராது. அந்தப் போர்வைக் கடைகளைத் தாண்டி பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்கு மிகுந்த மனோதிடம் வேண்டும். அங்கிருந்து ஹைதராபாத் போகும் நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் முதலில் நள்துர்க் கோட்டை வருகிறது. கோட்டைக்குள்ளேயே ஓர் அணையைக் கட்டி, அந்த அணையின் வயிற்றுக்குள் ஒரு மாளிகையையும் கட்டி வைத்தார்கள் பிஜாப்பூர் சுல்தான்கள். கல்லை வைத்து இந்த நாட்டார் எதையும் செய்வார்கள் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. கல்லைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல வேண்டியிருப்பதால் இதை இங்கேயே குறித்து வைக்கிறேன்.

உமர்காவில் இறங்கி, மகாராஷ்டிரத்து எஸ்.டி. பஸ் ஒன்றைப் பிடித்து வடக்கே திரும்பினேன். இரு புறமும் கரிசல் மண். மழை பெய்தால் களிம்பு போல் காலைப் பிடிக்கும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். சோளமும் துவரையும் சோயாவும் விளைகின்றன. தேர்ணா என்று ஓர் ஆறு. அது மாஞ்ஜிராவில் கலந்து, மாஞ்ஜிரா கோதாவரியில் கலக்கிறது. கோதாவரியின் பேத்தி என்று சொல்லலாம். பாட்டியின் செல்வம் பேத்திக்கு வரவில்லை. வறட்சி இங்கே வழக்கமான விருந்தாளி. 2016-ம் ஆண்டு லாத்தூர் நகரத்துக்குக் குடிதண்ணீரை மீரஜ்ஜிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குச் சோள ரொட்டி. அதற்குப் 'பாகரி' என்று பெயர். தொட்டுக் கொள்ளப் பச்சை மிளகாயும் பூண்டும் வைத்து இடித்த 'டேச்சா'. கடலை மாவில் கிண்டிய 'பிட்லா'. நம் தஞ்சாவூர்ப் பிட்லைக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு, நாக்கில் இல்லை. அக்காவை அங்கே 'தாயி' என்று கூப்பிடுகிறார்கள். முன்பின் தெரியாத பெண்மணியையும் 'தாயி' என்று அழைத்தால் உடனே முகம் மலர்ந்து, பாகரி இன்னும் ஒன்று தட்டில் விழுகிறது. இந்த ஒரு சொல்லை வைத்துக் கொண்டு சுற்றுப்பயணம் பூராவையும் முடித்துவிட்டேன் என்று சொன்னாலும் தகும்.

அந்த இரவு

1993-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி அனந்த சதுர்தசி. மகாராஷ்டிரத்தில் பிள்ளையாரைப் பத்து நாள் கொண்டாடி, தாளமும் மேளமுமாகத் தண்ணீரில் கரைத்துவிட்டு வரும் தினம். ஜனங்கள் இரவு வெகு நேரம் கழித்து வீடு திரும்பி, களைத்துப் போய்ப் படுத்தார்கள். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு நாலு நிமிஷம் இருந்தபோது பூமி குலுங்கியது.

பூகம்ப சாஸ்திரக்காரர்கள் அதை 6.2 என்று அளந்தார்கள். உலகக் கணக்கில் அது பெரிய பூகம்பம் அல்ல, நடுத்தரந்தான். ஆனால் பூமியின் மேல்தட்டில், ஊர்களுக்கு மிக அருகில் ஏற்பட்டது. லாத்தூர், உஸ்மானாபாத் ஆகிய இரண்டு ஜில்லாக்களிலும் இறந்தவர்கள் ஏறக்குறைய எட்டாயிரம் பேர். பத்தாயிரத்தை நெருங்கும் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. (உஸ்மானாபாத்துக்கு 2023-லிருந்து தாராசிவ் என்று பெயர்.) தேர்ணா நதியின் இரு கரைகளிலும் பல ஊர்கள் கல் குவியலாகிவிட்டன.

தக்காணப் பீடபூமி ஆடாது அசையாது என்பது அதுவரை எல்லோருடைய நம்பிக்கை. பூகம்ப வரைபடத்தில் இந்தப் பகுதிக்கு மிகவும் குறைந்த அபாயமுள்ள முதல் வட்டாரம் என்று வர்ணம் பூசியிருந்தார்கள். 2002-ல் அந்த முதல் வட்டாரம் என்ற பாகுபாட்டையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கல்லின் மேல் பழி

நடுத்தர பூகம்பத்துக்கு இத்தனை பேர் ஏன் பலியானார்கள்? வீட்டினால்தான். இதைச் சற்று விவரமாகவே பார்க்க வேண்டும்.

மராத்வாடாவில் வசதியுள்ள குடியானவனின் வீட்டுக்கு 'வாடா' என்று பெயர். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தெருப் பக்கம் கோட்டை மாதிரி சுவர். சுவரின் கனம் இரண்டு அடி, மூன்று அடி. வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், இரண்டுக்கும் நடுவே பொடிக் கல்லும் சேறும். மேலே மரத் தூண்கள், உத்தரங்கள், பலகைகள்; பலகை மேல் மண். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் கொஞ்சம் மண்ணை அள்ளிப் போட்டு மெழுகுவார்கள். தாத்தா போட்ட மண்ணின் மேல் அப்பா போட்ட மண்; அதன் மேல் பிள்ளை போட்ட மண். இப்படி ஒரு அடி, இரண்டு அடி உயரத்துக்கு மண் ஏறிவிடும். கோடையில் வீடு குளிர்ந்திருக்கும். திருடனும் உள்ளே நுழைய முடியாது. இருநூறு முந்நூறு வருஷ அனுபவத்தில் கண்ட வீடு அது. பூகம்பம் என்ற ஒன்று மட்டும் அந்த அனுபவத்தில் இல்லை.

பூமி ஆடியதும் சுவரின் இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று பிடிப்பு இல்லாமல் பிரிந்து சரிந்தன. கூரையிலிருந்த மண் முழுவதும் தூங்கிக் கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது. ஊருக்கு வெளியே ஓலைக் கூரையும் வைக்கோல் கூரையும் போட்டுக் கொண்டு வாழ்ந்த ஏழை எளியவர்களின் குடிசைகள் பெரும்பாலும் தப்பின. பூமி தேவிக்கு அன்று ஏழை, பணக்காரன் வித்தியாசம் தெரிந்திருந்தது. ஆனால் தலைகீழாகத் தெரிந்திருந்தது.

பிழைத்தவர்கள் கல்லைக் கண்டாலே நடுங்கினார்கள். விழாமல் நின்ற வீடுகளுக்குள்ளும் போய்ப் படுக்க மனம் வரவில்லை. தகரக் கொட்டகைகளில் கோடையும் மழையும் கழிந்தன. "எங்களுக்கு இந்த இடமே வேண்டாம், வேறு இடத்தில் ஊர் அமைத்துக் கொடுங்கள்" என்று பல கிராமத்தார் தாங்களாகவே கேட்டார்கள். உற்றார் உறவினர் புதைந்து போன மண்ணில் மறுபடியும் அடுப்பு மூட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

இடம் பெயர்ந்த ஊர்கள்

மகாராஷ்டிர சர்க்கார் உலக வங்கியின் கடன் உதவியோடு 1994-ல் பெரிய திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. மிகவும் சேதமான 52 கிராமங்களை அடியோடு வேறு இடத்துக்கு மாற்றுவது. சேதம் குறைந்த ஊர்களில், இருக்கிற வீட்டையே பழுது பார்த்துப் பலப்படுத்துவது. இரண்டாவது வகையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருந்தன.

பழைய கில்லாரி இருந்த இடத்தில் இப்போது நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 30-ந் தேதி ஜனங்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். சுற்றிலும் வேலமரமும் புதரும். எங்கே தெரு இருந்தது, எங்கே வாசல் இருந்தது என்று அந்த ஊர்க்காரர் கை காட்டினால்தான் தெரியும்.

புதிய கில்லாரி வேறு மாதிரி. தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தது போல் நேராக ஓடுகின்றன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் இருக்கின்றன. இந்தப் புது ஊர்களால் விளைந்த நன்மையை மறைக்கக் கூடாது. சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாதவனுக்கும் கெட்டியான வீடு கிடைத்தது. பழைய ஊரில் எந்தச் சாதிக்கு எந்தத் தெரு என்று வகுத்து வைத்திருந்தார்கள். சிலருக்கு ஊருக்குள் இடமே கிடையாது. அந்தக் கோடுகளைப் பூகம்பம் ஒரே நிமிஷத்தில் அழித்தது என்றால், புது வரைபடம் அவற்றை முழுவதும் திரும்ப வரையாமலாவது விட்டது.

ஆனால் வீட்டுக்குள் நுழைந்து, அங்குள்ள தாயிமார்களோடு உட்கார்ந்து பேசினால் வேறு சில விஷயங்களும் வெளியே வருகின்றன.

வீட்டின் அளவை நிலத்தின் அளவைப் பார்த்து நிர்ணயித்தார்கள். நிலமே இல்லாதவருக்கும் ஒரு ஹெக்டேர் வரை உள்ளவருக்கும் 250 சதுர அடி. ஏழு ஹெக்டேர் வரை உள்ளவருக்கு 400. அதற்கு மேல் 750. நியாயந்தானே என்று தோன்றும். ஆனால் நிலம் இல்லாதவன் வீட்டிலும் மாமியார், மருமகள், நாத்தனார், நாலு குழந்தைகள் உண்டல்லவா? மாட்டை எங்கே கட்டுவது? வருஷச் சாப்பாட்டுக்குச் சோளத்தை எங்கே கொட்டுவது? வரட்டியை எங்கே அடுக்குவது? நகரத்திலே இருந்து வந்த வரைபடத்தில் இந்தச் சாமான்களுக்கு இடம் இல்லை. கான்கிரீட் கூரை சித்திரை வைகாசியில் அடை தட்டுகிற கல்லாகக் காய்ந்தது.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரிது. பழைய ஊர் நெருக்கமானது. அடுத்த வீட்டுக்காரி கூப்பிட்டால் கேட்கும். ஆபத்துக்கு ஒரு குரல் போதும். குழந்தையைப் பக்கத்துத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு வயலுக்குப் போகலாம். புது ஊர்களோ பழையதைப் போலப் பல மடங்கு நிலத்தில் பரந்து கிடந்தன. அளவு வாரியாக வீடுகளை வரிசைப்படுத்தியதில், இருபது வருஷம் சேர்ந்து மாவு அரைத்தவர்கள் ஊரின் இரண்டு மூலைகளில் போய் விழுந்தார்கள். தெரு அகலமாக அகலமாகப் பேச்சுக் குறைந்துவிட்டது. பெண்களுக்கு வயலும் தூரம், தண்ணீரும் தூரம், மனிதர்களும் தூரம்.

பிறகு என்ன செய்தார்கள்? நம் நாட்டுப் பெண்கள் செய்வதைத்தான் செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டைத் தங்கள் வீடாக மாற்றிக் கொண்டார்கள். முன்னால் தகரம் இறக்கித் தாழ்வாரம் வந்தது. பின்னால் விறகடுப்புக்கு ஒரு மறைப்பு. பக்கத்தில் மாட்டுக் கொட்டில். சுற்றிச் சுவர் எழுப்பி, நடுவில் முற்றம் விட்டு, முற்றத்திலே துளசி மாடம் வைத்துவிட்டார்கள். சில தெருக்களில் இன்று நடந்து போனால் சர்க்கார் கட்டிக் கொடுத்த வீடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. பழைய வாடா, வேறு உடை உடுத்திக் கொண்டு திரும்பி வந்திருக்கிறது. முதலிலேயே இவர்களை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இந்தச் சுற்று வழி தேவைப்பட்டிருக்குமா என்ற எண்ணம் எனக்கு எழாமல் இல்லை.

பெயராத ஊர்கள்

இனிமேல்தான் நான் சொல்ல வந்த கதை ஆரம்பம் ஆகிறது.

இருந்த இடத்திலேயே வீட்டைப் பலப்படுத்த வேண்டிய கிராமங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் என்று சொன்னேன் அல்லவா? அத்தனை ஊர்களுக்கும் கொத்தனாரையும் எஞ்சினீயரையும் எங்கே போய்த் தேடுவது? சர்க்கார் ஒரு வழி செய்தது. பணத்தைத் தவணை தவணையாக வீட்டுக்காரருக்கே கொடுப்பது. வேலையை அவர்களே செய்து கொள்வது. எஞ்சினீயர் வந்து மேற்பார்வை பார்ப்பது. காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் ஜனங்களுக்கு விஷயம் தெரியவில்லை. எவ்வளவு பணம், எதற்குப் பணம், கல் சுவரைப் பலப்படுத்த முடியுமா என்பதெல்லாம் புரியவில்லை. கிடைத்த பணத்தில் பழைய வீட்டைத் தொடாமல், பக்கத்தில் சிறியதாக ஒரு புது அறை கட்டிக் கொண்டால் போதும் என்று பலர் நினைத்தார்கள்.

அப்போது பிரேமா கோபாலன் என்ற பெண்மணி நடத்தி வந்த 'ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்' என்ற ஸ்தாபனத்தைச் சர்க்கார் ஆலோசனைக்கு அழைத்தது. 'தானே கற்றுக் கொள்ளும் முயற்சி' என்று அந்தப் பெயரைத் தமிழில் சொல்லலாம். அந்த ஸ்தாபனத்தார் சொன்ன யோசனை மிகவும் எளிமையானது. ஒவ்வோர் ஊரிலும் மகளிர் மன்றத்திலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுங்கள். சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் நடுவில் அவள் பேசட்டும். வீட்டை நன்றாக அறிந்தவள் அவள்தானே என்றார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த பெண்களுக்கு 'சம்வாத் சஹாயக்' என்று பெயர் வைத்தார்கள். பேச்சுக்குத் துணை நிற்பவள் என்று அர்த்தம். சுமார் 1,200 கிராமங்களில் இப்படிப் பெண்கள் முன்வந்தார்கள்.

வாசித்துவிட்டுச் சுலபமாகத் தாண்டிப் போகக்கூடிய வாக்கியம் அல்ல இது. அந்தக் காலத்து மராத்வாடா கிராமத்தில் பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக் கொண்டுதான் தெருவில் நடப்பார்கள். சாவடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் கையில் அளவு நாடாவைப் பிடித்துக் கொண்டு, ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று, "அஸ்திவாரம் இத்தனை அடி இருக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும்! சொன்னார்கள்.

ஒரு கிராமத்தில் அந்த நாளில் இந்த வேலை பார்த்த மூதாட்டி ஒருவர் தமது வீட்டுச் சுவரை எனக்குக் காட்டினார். கருங்கல் சுவரில் இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக வட்ட வட்டமாகச் சிமெண்டுத் திட்டு. சுவருக்குப் பொட்டு வைத்தது போல இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அவர் ஒரு வாத்தியாரம்மாவைப் போல விளக்கத் தொடங்கிவிட்டார்.

சுவரின் உள் வரிசையும் வெளி வரிசையும் பிரிந்ததால்தானே வீடு விழுந்தது? ஆகவே ஆங்காங்கே கல்லைப் பெயர்த்து, சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துவாரம் செய்து, வளைத்த கம்பி ஒன்றை உள்ளே வைத்துக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட வேண்டும். இரண்டு வரிசைகளையும் அது தைத்துவிடுகிறது. மெத்தையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஊசி போடுவதில்லையா, அந்த மாதிரி. அடுத்தது கூரை. மூன்று தலைமுறை ஏற்றி வைத்த மண்ணை இறக்கிக் குறைக்க வேண்டும். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் குறுக்குச் சட்டம் கொடுத்து இறுக்க வேண்டும். கதவு, ஜன்னல்களுக்கு மேலே வீட்டைச் சுற்றிலும் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து ஒட்டியாணம் மாதிரி ஒரு பட்டை போட வேண்டும். மூலைகளை இன்னும் பலமாகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கல்லைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை, கல்லைக் கட்டிய விதத்தில்தான் குற்றம் என்பதை ஒவ்வோர் ஊரிலும் ஒரு வீட்டைச் செய்து காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. பெண்கள் அந்த மாதிரி வீட்டுக்கு மற்றப் பெண்களை அழைத்துப் போனார்கள். சிமெண்டு மூட்டை எத்தனை வந்தது, எத்தனை வேலைக்குப் போயிற்று என்று கணக்கு வைத்தார்கள். இந்தக் கணக்கில் பெண்களை ஏய்ப்பது கஷ்டம். மளிகைக் கடை பாக்கியில் காலணா தவறினாலும் கண்டுபிடிக்கிறவர்கள், மூட்டைக் கணக்கிலா ஏமாந்து விடுவார்கள்! எஞ்சினீயர் எப்போது வருவார் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தார்கள். தவணை தாமதமானால் தாலுகா ஆபீசுக்குச் சேர்ந்து போனார்கள். புருஷனை இழந்தவர்களின் வீடுகளுக்கு எல்லோரும் கூடிப் போய் வேலை நடக்கும்படி பார்த்துக் கொண்டார்கள். திட்டம் முடிவதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்த இடத்திலேயே பழுது பார்க்கப்பட்டன.

இந்த வீடுகளில் முற்றம் அப்படியே இருக்கிறது. தாழ்வாரம் இருக்கிறது. மாட்டுக் கொட்டில் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரி கூப்பிட்டால் கேட்கிறது. பணச் செலவும் புது ஊர் கட்டுவதைவிடக் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பயம் போய்விட்டது. ஏன் விழுந்தது, ஏன் இனி விழாது என்பது வீட்டில் இருக்கிறவளுக்கே தெரிந்துவிட்டபடியால் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கினாள். அந்த மூதாட்டி வட்டத்துக்கு வட்டம் விரலை வைத்துக் காட்டிய போது அவருடைய முகத்தில் இருந்த பெருமையை, புது ஊர்களில் நான் பார்க்கவில்லை. அங்கே உள்ளவர்கள் வீட்டைப் பெற்றுக் கொண்டவர்கள், இவர் கட்டியவர்.

அதற்காக இடம் மாறுவதே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊர் முழுவதும் கல் குவியலாகிவிட்ட இடத்தில் பழுது பார்க்க என்ன இருக்கிறது? மாற வேண்டிய ஊர் மாறித்தான் ஆக வேண்டும். மாறும்போது யார் பக்கத்தில் யார் இருப்பது, மாடு எங்கே நிற்பது, குழந்தை எங்கே விளையாடுவது என்பதை அங்கே போய் வாழப் போகிறவர்கள் தீர்மானிக்க வேண்டும். மராத்வாடாவின் பெண்கள் கண்ட பாடம் இதுதான்.

கச்சிலிருந்து நாகப்பட்டினம் வரை

பாடத்தைத் தங்களோடு வைத்துக் கொள்ளவில்லை அவர்கள். 2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, குடியரசு தினத்துக் காலையில், குஜராத்தில் கச்சுப் பிரதேசம் குலுங்கியது. இந்தத் தடவை 7.7. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். லாத்தூர்ப் பெண்கள் அங்கே போனார்கள். அரிசி மூட்டையும் கம்பளியும் கொண்டு போகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். "எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது, நாங்கள் இப்படித்தான் எழுந்தோம்" என்று சொல்லக் கூடியவர்கள் இவர்கள்தான். கூடாரத்துக்குள் அழுது கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து, சர்க்கார் உத்தரவில் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொள்ளும் சிறு சிறு குழுக்களை அமைக்க உதவினார்கள்.

குஜராத்தில் முதலில் ஊர்களை வேறு இடத்துக்கு மாற்றும் யோசனை பலமாக இருந்தது. ஜனங்கள் பெரும்பாலும் அதை விரும்பவில்லை. முடிவில் பணத்தைத் தவணையாகக் கொடுத்து, அவரவர் இடத்தில் அவரவரே கட்டிக் கொள்வது என்ற முறையில்தான் பெரும்பாலான வீடுகள் எழுந்தன. பிற்பாடு ஆராய்ந்தவர்கள், தாங்களே முன்னின்று கட்டிக் கொண்டவர்களிடந்தான் திருப்தி அதிகம் என்று கண்டார்கள்.

பிறகு 2004-ம் ஆண்டு டிசம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாண்ட எண்ணாயிரம் பேரில் ஆறாயிரம் பேர் நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். கரிசல் காட்டு மராத்திப் பெண்கள் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் வந்தார்கள். கடலும் புதிது, பாஷையும் புதிது. ஆனால் வீடு இழந்த பெண்ணின் முகம் எந்த ஊரிலும் ஒரே முகந்தானே!

நம் கரையில் நடந்ததையும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அலை ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குடும்பங்கள், சர்க்கார் உதவியோடு வீடு வேண்டுமானால் உள்ளே தள்ளிக் குடியேற வேண்டும் என்று 2005-ல் உத்தரவு வந்தது. கடலைப் பார்க்காமல் மீனவன் எப்படித் தொழில் செய்வான் என்ற கஷ்டமான கேள்வி அதில் இருந்தது. ஆனால் அதே உத்தரவில், புது வீடு மனைவி, கணவன் இருவர் பேரிலும் இருக்க வேண்டும் என்ற நல்ல விஷயமும் இருந்தது. சுமார் 325 சதுர அடியில், தர்ம ஸ்தாபனங்கள் பல, வீடுகளைக் கட்டிக் கொடுத்தன. சில குப்பங்களில் அவசரத்தில் நிழல் மரங்களையும் நல்ல நிலையில் இருந்த பழைய வீடுகளையும் வெட்டி இடித்துவிட்டு, வெட்ட வெளியில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் பெட்டிகளை வைத்தார்கள். கில்லாரியில் கண்ட குறை இங்கேயும் கண்டது.

தரங்கம்பாடியிலே வேறு விதம். டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டிய ஊர். கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொண்டிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் உள்ள ஊர். (இப்போது மயிலாடுதுறை ஜில்லாவில் சேர்ந்திருக்கிறது.) அங்கே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடு கட்டும் பொறுப்பை ஏற்று, பென்னி குரியாகோஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு குடும்பங்களோடு பேசிப் பேசி வரைபடம் போட்டது. வீடு வேண்டும் என்றவர்கள் திண்ணையும் வேண்டும் என்றார்கள். வலை பின்னவும், மீன் காய்வதைப் பார்த்துக் கொண்டு உட்காரவும், மாலையில் நாலு பேரோடு பேசவும் திண்ணை இல்லாமல் முடியுமா?

பிரேமா கோபாலன் 2022-ல் காலமாகிவிட்டார். அவர் சேர்த்து வைத்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. சுவரைப் பலப்படுத்தக் கூடியவர்கள் பிறகு சேமிப்புக் குழுக்கள் ஆனார்கள். வறட்சி வந்தபோது, கரும்பைப் போல் தண்ணீர் குடிக்காத தானியமும் காய்கறியும் வீட்டுச் சாப்பாட்டுக்காகப் பயிரிடும் வழியைப் பரப்பினார்கள். அதற்காக 2016-ல் அவர்களுடைய ஸ்தாபனத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஈக்குவேட்டர் பரிசும் கிடைத்தது. பூமி ஆடினால் கூடிய கூட்டம், வானம் பொய்த்த போதும் கலையவில்லை.

நம் பட்டணத்து வீடுகளிலும் ஏதாவது ஒரு மூலையில் கொத்து வேலை நடந்து கொண்டுதான் இருக்கிறது. அடுத்த முறை கொத்தனார் வரும்போது காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், அம்மணிகளே! சுவருக்குள் என்ன வைக்கிறார், கம்பி எத்தனை, சிமெண்டு எத்தனை என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். முதலில் அவர் சிரிப்பார். இரண்டாம் தடவை கேட்டால் பதில் சொல்வார். மூன்றாம் தடவை கேட்பதற்கு முன்னாலேயே ஒழுங்காகக் கட்டிவிடுவார். மராத்வாடாவில் ஆயிரத்து இருநூறு கிராமங்களில் அப்படித்தான் நடந்தது.